கண்ணைத் திறந்து வைப்பவள்

என் அக்கா இதுவரை எத்தனை பேருடைய கண்ணைத் திறந்திருப்பாள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இருபத்து நான்கு வருடமாக அதுதான் அவள் வேலை. ஸ்டூடியோவின் முன்னறையில் நான் படம் எடுப்பேன். பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவள் அதைச் சரிசெய்வாள். பாஸ்போர்ட் படம் என்றால் கண் திறந்திருக்க வேண்டும், காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. இவ்வளவுதான் விதி. ஆனால் மனிதர்கள் ஃப்ளாஷ் அடிக்கும் அந்த ஒரு நொடியில்தான் கண்ணை மூடுவது என்று சபதம் எடுத்துக்கொண்டே மாடி ஏறி வருகிறார்கள். நான் கத்துவேன். கத்தினால் இன்னும் இறுக்கி மூடுவார்கள். போகட்டும், உள்ளே அக்கா பார்த்துக்கொள்வாள் என்று அனுப்பிவிடுவேன்.

குரூப் படம் இன்னும் மோசம். நாற்பது பேர் நின்றால் மூன்று பேராவது தூங்குவார்கள். அதனால் ஒரே வரிசையை ஐந்து முறை எடுப்பேன். ஒன்றில் மூடியிருக்கும் கண்ணுக்கு இன்னொன்றில் திறந்திருக்கும் கண்ணை எடுத்து அக்கா வைத்துவிடுவாள். ஐந்திலும் மூடியிருந்தால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். அவள் கம்ப்யூட்டரில் ‘கண்’ என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டர் உண்டு. நன்றாகத் திறந்த கண்ணாகப் பார்த்துப் பார்த்து அதில் சேர்த்து வைத்திருந்தாள், ஆண், பெண், குழந்தை, மூக்குக்கண்ணாடிக்காரர் என்று பிரித்து. ஒரு தலைமையாசிரியர் ஓய்வு பெறும்வரை ஒரு பஸ் கண்டக்டரின் கண்ணோடுதான் பள்ளிக்கூட வரவேற்பறைச் சுவரில் தொங்கினார். அவர் மனைவிக்கே தெரியவில்லை. படம் லட்சணமாக வந்திருக்கிறது என்று மேற்கொண்டு இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

ஊரார் கண்ணையெல்லாம் திறந்து வைத்தவளால் தன் கண்ணை முழுசாகத் திறக்க முடியாது. இரண்டு இமைகளும் பாதி இறங்கியே இருக்கும். எதிரில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் முகவாயைத் தூக்கி, இமைக்கு அடியில் இருக்கும் சந்து வழியாகப் பார்ப்பாள். வேலை அதிகமான நாட்களில் ஒரு துண்டு செல்லோ டேப்பால் இமையை மேலே இழுத்து நெற்றியில் ஒட்டிக்கொள்வாள். முகவாயைத் தூக்கிப் பார்ப்பவளை உலகம் என்ன சொல்லும்? தலைக்கனம் என்றது. “பத்தாவது படிச்சதுக்கே மூக்கு மாடியில நிக்குது” என்று ஒரு வாடிக்கையாளர் என் காதுபடச் சொன்னார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். எங்கள் அம்மாவுக்கும் இதே முகம்தான். அம்மாவைத் தெருவில் தூங்குமூஞ்சி என்பார்கள். அக்காவைப் பார்த்து அப்படியே அம்மா ஜாடை என்பார்கள். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

அக்காவுக்குத் தெம்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். காலையில் இருப்பவள் வேறு, மத்தியானம் இருப்பவள் வேறு. கொடியில் நான்கு துணி போடுவதற்குள் கை தானாக இறங்கிவிடும். தலை பின்னுவதை இரண்டு தவணையாகச் செய்வாள். எங்கள் ஸ்டூடியோ மாடியில், பதினெட்டுப் படி. ஒன்பதாவது படியில் நின்று, சுவரில் சாய்ந்து, யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி தெருவைப் பார்ப்பாள். நான் முன்கோபி. மேலே நின்று, “உனக்கு ஒடம்புல ஒண்ணும் இல்ல, சோம்பேறித்தனம்தான்” என்று ஆட்கள் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. அவள் “ஆமாண்டா” என்று சொல்லிவிட்டு மீதிப் படிகளை ஏறுவாள். பதிலுக்கு ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. ஒருவர் ரத்தம் கம்மி என்று டானிக் கொடுத்தார். ஒருவர் தைராய்டு பார்த்தார். சர்க்கரை வந்தபோது எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் கட்டினார்கள். இன்னொருவர் மனசில் ஏதாவது கவலையா என்று கேட்டுவிட்டு, நிறைய நடங்கள் என்றார். அவள் சொன்னபடி ஒரு மணி நேரம் நடந்துவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். அதற்கும் நான்தான் திட்டினேன்.

போன வருடம், அக்காவுக்கு நாற்பத்தாறு வயது, கம்ப்யூட்டரில் அம்புக்குறி இரண்டாகத் தெரிகிறது என்றாள். நான் மவுஸை மாற்றினேன். அப்படிப்பட்ட அறிவாளி நான். அடுத்த வாரம் ஒரு மாப்பிள்ளைக்கு மூன்று புருவம் வைத்து அனுப்பிவிட்டாள். பெண் வீட்டார் வந்து சத்தம் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். இது பவர் விஷயம் இல்லை, இவங்க கண்ணை அசைக்கவே மாட்டேங்கிறாங்க, எதைக் காட்டினாலும் தலையைத்தான் திருப்புறாங்க என்றார். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே இடத்தில் வேலை செய்த எனக்குத் தெரியாதது அவருக்குக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அங்கிருந்து கண் டாக்டர், கண் டாக்டரிடமிருந்து நரம்பு டாக்டர். ரத்தம் எடுத்தார்கள். தொடையில் சின்னதாகக் கீறிக் கொஞ்சம் தசை எடுத்தார்கள். முடிவு வர ஆறு வாரம் ஆனது.

முடிவைக் கேட்க மூன்று பேர் போனோம். அக்கா, நான், பாப்பா. பாப்பா என்பது அக்காவின் ஒரே மகள். இருபத்திரண்டு வயதாகி, மருந்துக் கடையில் வேலைக்குப் போகிறாள், ஆனாலும் எங்களுக்குப் பாப்பாதான். அவள் அப்பா தொலைதூரம் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அதனால் இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் தாய்மாமன் என்று நான்தான் போவது.

நரம்பு டாக்டர் ஐம்பது வயதுப் பெண். அவசரப்படாமல் பேசினார். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, சாப்பிட்டதைச் சக்தியாக மாற்றுவது அவற்றின் வேலை, அக்காவுக்கு அதில் ஒரு பங்கு பிறவியிலேயே பழுது என்றார். எந்த உறுப்புக்கு அதிகச் சக்தி வேண்டுமோ அங்கே முதலில் தெரியுமாம். இமை, கண்ணை அசைக்கிற தசை, கை கால், காது, இதயம். சர்க்கரையும் இதன் வேலைதான் என்றார். அக்கா முகவாயைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டோனர் கொறஞ்ச பிரிண்டர் மாதிரியா, படம் வரும், ஆனா வெளிறிப்போய் வரும் என்று கேட்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஏறக்குறைய அப்படித்தான் என்றார். டோனரை மாற்ற முடியாது என்பதுதான் வித்தியாசம். அடியோடு குணமாக்கும் மருந்து இல்லை. சில விட்டமின், அளவான நடை, நடுநடுவே ஓய்வு, சில மருந்துகளைத் தொடவே கூடாது, வருடா வருடம் இதயத்தைப் பார்க்க வேண்டும். அக்காவின் இசிஜி நன்றாக இருந்தது. சோம்பேறித்தனம் என்ற சொல் அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. என் வாயிலிருந்தும்தான்.

பிறகு அது எப்படி வரும் என்பதைச் சொன்னார். இந்த வகை அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். அப்பாவிடமிருந்து வராது. அம்மாவுக்கு இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், ஆனால் யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒருவருக்கு ஒன்றுமே தெரியாமல் ஆயுசு போய்விடும், ஒருவருக்குச் சின்ன வயதிலேயே பாடாய்ப் படுத்தும். என் பக்கம் திரும்பி, உங்களுக்கும் கொஞ்சம் இருக்கலாம், பரிசோதித்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குப் போகாது என்றார்.

எனக்கு இரண்டு பையன்கள். அந்த நொடியில் எனக்குள் என்ன வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிம்மதி. பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு அந்தப் பக்கம் பாப்பா. இரண்டு பேரும் இருக்கும்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது. வெட்கம் பிறகு வரும் என்று காத்திருந்தேன். வெட்கமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அந்த மரப்பு இன்றுவரை முழுதாக விடவில்லை.

உங்கள் அம்மா எப்படி இறந்தார் என்று டாக்டர் கேட்டார். நான் சொன்னேன். அம்மாவும் எங்கள் ஸ்டூடியோவில்தான் இருந்தார். படங்களை வெட்டிக் கவரில் போடுவது அவர் வேலை. பதினொரு வருடத்துக்கு முன் ஒரு காலை, மேசை முன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இமை பாதி இறங்கியிருந்தது, தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. எப்போதும் அப்படித்தான் இருப்பார். ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், பெஞ்சில் உட்கார்ந்து அரட்டை அடித்தார்கள். நானே இரண்டு ஷீட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, சீக்கிரம் வெட்டுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். இதயத்தை அடிக்கச் சொல்லும் சமிக்ஞை சிலருக்கு இந்த நோயால் நடுவில் அறுந்துவிடும், அம்மாவுக்கு அதுவாக இருந்திருக்கலாம் என்றார். பாப்பாவை உற்றுப் பார்த்தார். இமை லேசாக இறங்கியிருப்பதுபோல் தெரிகிறது, ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் செய்துவிடலாமே என்றார். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பெண், அவள் சரி என்றால்தான் செய்ய முடியும்.

பாப்பா வேண்டாம் என்றாள். நாளெல்லாம் கடையில் நிற்கிற அலுப்பு, அவ்வளவுதான், எனக்கு ஒன்றும் இல்லை என்றாள். டாக்டர் வற்புறுத்தவில்லை. அப்படியானால் பழைய படங்களைக் கொண்டு வா என்றார். இமை இறங்குவது தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதாம், அதனால் வழக்கமாகவே ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்வார்களாம். சின்ன வயதிலிருந்தே இறங்கியிருந்தால் தள்ளிப்போட வேண்டாம், இல்லையென்றால் பொறுத்துப் பார்க்கலாம். படம் தானே, எங்க வீட்ல அதுக்கா பஞ்சம் என்றாள் பாப்பா. அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பாப்பா பதினான்கு படங்களைக் கொண்டுவந்து டாக்டர் மேசையில் வரிசையாக வைத்தாள். எல்கேஜியிலிருந்து பிளஸ் டூ வரை, வருடத்துக்கு ஒன்று. எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்த அடையாள அட்டைப் படங்கள். பதினான்கிலும் கண் பளிச்சென்று திறந்திருந்தது. டாக்டர் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்லது, சின்ன வயதிலிருந்து இல்லை, அலுப்பாகவே இருக்கலாம், ஆறு மாதம் கழித்து வந்து காட்டு என்றார். பாப்பா படங்களை அடுக்கிக் கவருக்குள் போட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் நான் பார்த்தேன். ஒரு படம் எங்கே எடுத்தது என்று சொல்ல, படம் எடுக்கிறவனுக்குக் கண்மணியில் விழும் வெளிச்சப் பொட்டு ஒன்று போதும். எந்த விளக்கு, எங்கே நின்றது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று எல்லாம் அதில் இருக்கும். பள்ளிக்கூடப் படங்களை நான் மைதானத்தில், மர நிழலில் வைத்து எடுப்பேன். கண்ணில் வானம்தான் அகலமாகத் தெரிய வேண்டும். பாப்பாவின் கண்ணில் வானம் இல்லை. இடது மேல் ஓரத்தில் என் ஸ்டூடியோ விளக்கின் வெள்ளைப் பொட்டு, வலது பக்கம் ஸ்டூடியோ ஜன்னலின் மெல்லிய கோடு. பதினான்கு படத்திலும் அதே பொட்டு, அதே கோடு. எல்கேஜிப் பிள்ளைக்கும் பிளஸ் டூப் பெண்ணுக்கும் ஒரே கண்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த உடற்கூறு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு மூன்று பேரும் வெளியே வந்தோம். பாப்பா கடைக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் ஏறினாள்.

ஸ்டூடியோவுக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன்.

“அது எப்ப எடுத்த கண்ணுக்கா?”

எதைக் கேட்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. “மூணு வயசுல. இங்க படம் எடுக்கறப்ப பலூன் வெடிச்சுதே, பயந்துபோய்ப் பாத்தாளே, அது.”

அவள் சொன்னது இவ்வளவுதான். எல்கேஜியில் சேர்த்த முதல் மாதமே, பிள்ளை வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார். அடுத்த வாரம் பள்ளிக்கூடப் படங்கள் கம்ப்யூட்டருக்கு வந்தன. நானூறு பிள்ளைகளில் தூங்கினவர்களை எழுப்பிக்கொண்டே வந்தாள், நடுவில் பாப்பா வந்தாள், அவளையும் எழுப்பினாள். அடுத்த வருடமும். அதற்கடுத்த வருடமும்.

“நெனச்சுச் செய்யலடா. கை தானாப் போச்சு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அம்மாவத் தூங்குமூஞ்சின்னாங்க. என்னையும் அப்படித்தான் சொன்னாங்க. இவளையாவது யாரும் சொல்லாம இருக்கட்டும்னு நெனச்சேன் போல” என்றாள்.

நான் கத்தத் தயாராக இருந்தேன். வழக்கமாக இதைவிடச் சின்ன விஷயத்துக்கே கத்துவேன். ஆனால் எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருடமும் கேமராவுக்குப் பின்னால் நின்று, “பாப்பா, கண்ண நல்லாத் தொற” என்று நான் சொல்லியிருக்கிறேன். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு தடவை, இவளுக்கு மூன்று தடவை. எடுத்த அசல் படங்களையெல்லாம் மாதக் கடைசியில் இடம் அடைக்கிறது என்று அழித்ததும் நான்தான். ஆக, அவள் கை மூடி மறைத்ததற்கு என் கை சாட்சியே இல்லாமல் துடைத்து வைத்திருக்கிறது. நல்ல குடும்பம். பாப்பாவிடம் சொல்லிவிடு என்றேன்.

“சொன்னா நான்தான் குடுத்தேன்னு ஆயிடும்.”

“சொல்லாட்டி மட்டும்?” என்று அம்மாவின் மேசையைக் காட்டினேன். இப்போது அந்த நாற்காலியில் லேமினேஷன் மெஷின் இருக்கிறது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் மத்தியான இடைவேளையில் பாப்பாவை வரச் சொன்னாள். நான் வெளியே போகிறேன் என்றேன், நீயும் இரு என்றாள். பாப்பா மருந்துக் கடைச் சீருடையோடு வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அக்கா திரும்பிப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடியே ‘கண்’ ஃபோல்டரைத் திறந்தாள். குழந்தை என்பதற்குள் போய் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். மூன்று வயதுப் பிள்ளையின் இரண்டு கண்கள் மட்டும், முகம் இல்லாமல், திரை நிறைய நின்றன. இதுதான் உன் எல்லாப் படத்திலும் இருக்கிற கண், உன் சொந்தக் கண் எல்கேஜியிலிருந்தே இறங்கித்தான் இருந்தது, நான் மாற்றிவிட்டேன் என்று ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்கிற மாதிரி சொல்லி முடித்தாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

பாப்பா அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“தெரியும்மா” என்றாள்.

அக்காவின் கை மவுஸிலேயே இருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

“நாலாவது படிக்கறப்பலேர்ந்து. நம்ம வீட்ல கண்ணாடி இருக்கில்ல?”

இதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. படத்தை மாற்றினால் போதும் என்று இருபது வருடத்துக்கு மேல் தொழில் செய்தவர்கள் நாங்கள். ஒரு பெண் தினமும் காலையில் தலை வாரும்போது தன் முகத்தைத் தானே பார்ப்பாள் என்பது எங்கள் புத்தியில் ஏறவில்லை.

“அப்பறம் எதுக்கு அந்தப் படத்தயெல்லாம் டாக்டர்கிட்ட காட்டின?” அக்கா இப்போது திரும்பிவிட்டாள்.

“நான் தப்பிச்சுட்டேன்னு நீ நெனச்சுட்டு இருந்த. அப்படியே இருக்கட்டும்னுதான்.”

யாரும் அழவில்லை. அக்கா ஃபோல்டரை மூடினாள், கம்ப்யூட்டரை அணைத்தாள். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். பாப்பா கொஞ்சம் தயங்கிவிட்டு, கடையில் மேல் அலமாரி மருந்தை எடுக்க ஏணியில் ஏறியபோது இரண்டு தடவை கண் இருட்டிக்கொண்டு வந்தது என்றாள். ஒரு தடவை விழுந்தாள். முட்டியில் பட்ட காயத்துக்குப் பஸ்ஸில் இடித்துக்கொண்டதாக எங்களிடம் சொல்லியிருந்தாள். நாங்களும் நம்பியிருந்தோம்.

“கெளம்பு” என்றாள் அக்கா.

மூன்று பேரும் படி இறங்கினோம். ஒன்பதாவது படியில் அக்கா நின்றாள். பாப்பாவும் நின்று சுவரில் சாய்ந்தாள். இத்தனை வருடமாக அக்காவுக்குத் துணையாகத்தான் அவள் அங்கே நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன். இரண்டு படி கீழே நின்று காத்திருந்தேன். இந்தத் தடவை நான் எதுவும் சொல்லவில்லை.

இசிஜி எடுத்த பையன் காகிதத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே ஓடினான். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். இதயத்தின் மேலறையிலிருந்து சமிக்ஞை கீழறைக்குப் போகாமல் நடுநடுவே நின்றுவிடுகிறது, அந்த நேரத்தில்தான் கண் இருட்டுகிறது என்று இதய டாக்டர் விளக்கினார். மூன்றாம் நாள் இடது காறை எலும்புக்குக் கீழே, மார்பில், தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பேஸ்மேக்கரை வைத்தார்கள். இதயம் மறந்தால் அது ஞாபகப்படுத்துமாம். இமைக்கும் கை காலுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. அவை இனி எப்படிப் போகுமோ அப்படிப் போகும். ரத்தப் பரிசோதனை முடிவு பிறகு வந்தது, அதற்கு யாரும் காத்திருக்கவில்லை. அக்காவுக்கு இருந்ததைவிடப் பாப்பாவுக்குப் பழுதான பங்கு அதிகம். நரம்பு டாக்டர் அந்தப் பதினான்கு படங்களைப் பற்றிக் கேட்டார். அக்கா உள்ளதைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. ஆறு மாதம் கழித்து வா என்று நான் அனுப்பியிருந்தேனே என்று மட்டும் சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார். அக்காவுக்கு ஒரு திட்டு விழுந்திருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. எனக்கும் ஒன்று சேர்த்து.

கருவி வைத்த மறுநாள் காலையில் வார்டில் நான் துணைக்கு இருந்தேன். அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். ஆறு படுக்கைகள் கொண்ட அறை, சுவர் ஓரம் பாப்பாவின் படுக்கை. இடது கையை அசைக்கக் கூடாது என்று துணியில் கட்டியிருந்தார்கள். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. தலையணையைச் சரிசெய்தேன், சரியாக இருந்ததை மறுபடி சரிசெய்தேன். தண்ணி வேணுமா என்று மூன்றாவது தடவை கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள்.

“மாமா, தம்பிங்களுக்கு இது வராதில்ல?”

“வராது.”

“நல்லவேளை” என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவர்கள் இரண்டு பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். மனசாரத்தான் சொன்னாள்.

நான் தலையாட்டினேன். அப்போதாவது ஏதாவது வரும் என்று பார்த்தேன், கண்ணாவது கலங்கும் என்று. ஒன்றும் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே வண்டி நிறுத்துகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்கு டாக்டர் அதச் சொன்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன் மாமா” என்றாள் பாப்பா. “யாரா இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அதயே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க.”

நான் திரும்பவில்லை. திரும்பினால் அவள் என்னைப் பார்ப்பாள்.